பிலாரிடம் நான் குறைத்துச் சொன்னவை

இரணியல் ஸ்டேஷனில் இறங்கியதும் பிலார் சொன்ன முதல் வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் அடுத்த நான்கு நாட்களும் சுலபமாகப் போயிருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றுகொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "உலகத்திலேயே அழகான பிள்ளை இவள்தான்" என்றார். நடைமேடையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதுதான். இருந்தாலும் எனக்கு முதுகு கூசியது. "இல்லை, மற்றப் பிள்ளைகளைவிட அழகு குறைவு. எப்போதும் சளி" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஆறு மாதமாக இணைய வகுப்பில் படித்த மொழியில், ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் நான் பேசிய முதல் வாக்கியம் அது. பிழையில்லாமல் வந்தது.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசும் பாடம் முடிந்திருந்தது. 'மாஸ்... கே' என்றால் ஒன்றைவிட ஒன்று கூடுதல். 'மேனோஸ்... கே' என்றால் குறைவு. 'தான்... கோமோ' என்றால் இரண்டும் சமம். 'மெஹோர்' மேல், 'பெயோர்' மோசம். 'மாஸ்' என்பதற்கு முன்னால் ஒரு 'லா' சேர்த்துவிட்டால் அதற்கு மேல் யாரும் இல்லை. சொல்லின் கடைசியில் 'ஈசிமோ' என்று வாலை நீட்டினால் அளவே இல்லை. வீட்டிலுள்ள பொருட்களை வைத்துத் தினமும் பழகச் சொல்லியிருந்தார்கள். மிக்ஸி குக்கரைவிடச் சத்தம் கூடுதல், எதிர்வீடு எங்கள் வீட்டைவிடப் பெரியது என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். நேற்று என்ன செய்தேன் என்று எனக்கு ஸ்பானிஷில் சொல்லத் தெரியாது. எது எதைவிட மோசம் என்று நன்றாகச் சொல்லத் தெரியும்.

பிலார் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஸ்பெயினின் வடமேற்கில் ஒரு துறைமுக ஊரில் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறார். மூன்று வருடமாகப் பிலாரின் வீட்டில் கீழே ஒரு அறையில் இருக்கிறார். மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அதை எங்களுக்குத் தருவதாகப் பிலார் எழுதிக் கொடுத்தால்தான் நானும் மகளும் அங்கே போக விண்ணப்பிக்க முடியும். குடும்பம் தங்க வீடு இருக்கிறது என்று காட்டாமல் அந்த நாட்டில் விசாவுக்கு வழியில்லை. அறுபது வயதுப் பிலார் ஒரு சுற்றுலாக் குழுவோடு கேரளத்துக்கு வந்தவர், நான்கு நாள் பிரிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். என் கணவர் கடலுக்குப் போகும் முன் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "நல்லா கவனிச்சுக்கோ. அவங்க மனசு வச்சாதான் மாடி." பிறகு பதினைந்து நாளைக்கு அவர் போன் கிடைக்காது.

சும்மா பார்க்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? எங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் வருகிறார் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆன்றனி அண்ணனின் ஆட்டோவில் எங்கள் ஊர் குளச்சலுக்கு வந்தோம். வழியெல்லாம் பிலார் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். உங்கள் தென்னை எங்கள் யூகலிப்டஸைவிட உயரம், உங்கள் சாலை எங்கள் சாலையைவிடக் குறுகல். அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "மக்கா, என்ன சொல்லுது அந்தம்மா?" என்று கேட்டார். ரோடு மோசம் என்கிறார் என்றேன். "அதச் சொல்ல அங்கேருந்து வரணுமாக்கும்?" என்றார்.

மதியம் சாளை மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும். பிலார் முள்ளெடுக்கும் விதத்தைப் பார்த்தே மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவர் என்று தெரிந்தது. ஊரில் சாளையைத் தலையோடு சுட்டுத் தின்பார்களாம். "உங்கள் சாளை எங்களுடையதைவிடச் சிறியது. ருசி கூடுதல்" என்றார். சின்னது என்பதைத்தான் நான் கேட்டேன்.

என் மகள் இரண்டாவது முறை கிழங்கு கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். "ஆஹா, நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று பிலார் சொல்லி முடிப்பதற்குள், "இன்றைக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் பூனையைவிடக் குறைவாகத் தின்பாள்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிள்ளையை ஒருவர் புகழ்ந்தால் தாய் உடனே குறைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். நான் வேதியியலில் முதுகலை படித்தவள். கண் படுவதற்குச் சமன்பாடு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

பிலார் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தண்ணீர் எடுப்பது போல எழுந்து போய் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தார். தண்ணீர் மேசையிலேயே இருந்தது. ஃப்ரிட்ஜை மூடிவிட்டு வந்து கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். ஃப்ரிட்ஜில் அன்று முட்டை இருந்ததா என்று சாயங்காலம் வரை எனக்கு நினைவு வரவில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு இருந்தன.

இரண்டாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்நகர் தாண்டுவதற்குள் ஆட்டோவின் பின்சக்கரம் பஞ்சர். முந்திய நாளே அந்தச் சக்கரம் எனக்குச் சரியாகப் படவில்லை. அண்ணனிடம் கேட்டதற்கு, புதுச் சக்கரம் மாதிரிதான் என்றிருந்தார். 'மாதிரி' என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

எதிரில் ஒரு டீக்கடை. பிலாருக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தேன். வெந்நீர் இருக்கிறதா என்று மகளுக்காக மூன்று முறை கேட்டேன். கடைக்கார அக்கா பதில் சொல்லாமல் என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"பிள்ளைக்கு என்னா கன்னம் எம்மா. என்ன குடுக்க நீ?"

"என்ன கன்னம் எக்கா, ஒண்ணும் திங்க மாட்டா. வாரத்துக்கு ஒரு காய்ச்சல்."

அக்கா உடனே புரிந்துகொண்டார். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, "ஆமா ஆமா, மெலிஞ்சுதான் போச்சு" என்று ஒத்துப்பாடிவிட்டு, ஒரு பழம்பொரியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று பிலார் கேட்டார். சொன்னதை மாற்றாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் கற்றது. "முன்பைவிட மெலிந்துவிட்டாள் என்கிறார்" என்றேன். பிலார் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

சக்கரம் ஒட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பிலார் பையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்து என் மகளின் பாதத்தை அளந்தார். குதிகாலிலிருந்து பெருவிரல் வரை வைத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆளை நூலால் அளப்பது நல்லதற்கில்லை என்று கேட்டிருக்கிறேன். எதற்கு நல்லதில்லை என்று யாரும் விளக்கியதில்லை. என் மகளோ இந்தக் காலையும் அள என்று அடுத்த காலை நீட்டினாள்.

அரண்மனையின் கறுப்புத் தரையைப் பார்த்து, தான் கண்டதிலேயே அழகான தரை என்றார் பிலார். அது எனக்குக் கவலை தரவில்லை. தரைக்குக் காய்ச்சல் வராது. பிறகு, இந்தியா வந்து இத்தனை நாளில் ஒருமுறைகூட வயிறு கெடவில்லை, முன்பு போன எந்த ஊரையும்விட இங்கே உடம்பு நன்றாக இருக்கிறது என்றார். சொன்ன வேகத்தில் பக்கத்திலிருந்த மரத்தூணை விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். காவலாளி ஓடி வந்து, "தொடப்பிடாது, தொடப்பிடாது" என்றார். தேக்கா பலாவா என்று தட்டிப் பார்க்கிறார்போல என்று நினைத்தேன். வாடகைக்கு விடுபவர்களுக்கு எதையும் தட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கும்.

மூன்றாம் நாள் மழை. வெளியே போகவில்லை. பிலார் வாசலில் நின்று அதைப் பார்த்து, "இதுவா மழை? எங்கள் ஊர் மழைக்கு இது தம்பி" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். காலையில் நெத்திலி வறுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு அவர் அறைக்குள் போய்த் தன் கணவருக்குப் போன் செய்தார். நான் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. துணி அவ்வளவு இருந்தது.

அவர் வேகமாகப் பேசினார். எனக்குப் படித்த பாடம் மட்டும் விளங்கியது. மற்றவையெல்லாம் இரைச்சல்தான். நடுநடுவே ஒப்பீடுகள் மட்டும் நன்றாக வெயிலில் காயவைத்த கருவாடு போலத் தனித்தனியாகத் தெரிந்தன. மற்றப் பிள்ளைகளைவிட. பூனையைவிடக் குறைவு. குளிர்காலத்தில் இதைவிட மோசம். எல்லாரிலும் பலவீனமானவள். கடைசியாக இரண்டு முறை: "இங்கேயே இருப்பது மேல். இங்கேயே மேல்."

மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். என்ன குறை கண்டார்? குளியலறைச் சுவரில் மேல்மூலையில் ஈரம் உண்டு, அதைப் பார்த்திருப்பார். ஃப்ரிட்ஜில் இரண்டே முட்டை. ஒருவேளை மாடிக்கு வேறு ஆள் பார்த்துவிட்டாரோ, அதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுப் பிள்ளையைக் காரணம் காட்டுகிறாரோ. இவ்வளவு சிரிப்பவர்களை நம்பக்கூடாது என்று தோன்றியது.

சாயங்காலம் அவரே என் எதிரில் உட்கார்ந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று சொல் சொல்லாக நிறுத்திப் பேசினார். தங்கள் ஊரில் மழை நாட்டிலேயே அதிகம். வீட்டுக்குள் ஈரம். மாடி கீழ்த்தளத்தைவிடக் குளிர். டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும். இவ்வளவு பலவீனமான பிள்ளை அதைத் தாங்குமா? இரண்டு வருடம் கழித்து வந்தால் என்ன? "தாயைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? நீதானே சொன்னாய்."

நான்தானே சொன்னேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எப்போதும் சளி. பூனையைவிடக் குறைவு. வாரம் ஒரு காய்ச்சல். வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டை, தூக்கம் மற்றவர்களைவிட மோசம் என்று நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னதும். மூன்று நாளாக ஒருவர் என் பிள்ளையை ஆசையோடு பார்த்த ஒவ்வொரு முறையும் நான் ஒரு நோயைக் கையில் கொடுத்திருக்கிறேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடம் போனால் என் மகளுக்கு ஆறரை வயது. தகப்பன் முகம் போனில் மட்டும்தான் தெரியும்.

நேராக உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. வாக்கியம் தெரியும், நோட்டில் இருக்கிறது. அவள் திடமான பிள்ளை, போன வருடத்தில் ஒரே ஒரு முறைதான் காய்ச்சல் வந்தது. ஆனால் அதைச் சொல்லப்போனால் நாக்கு அசையவில்லை. நான் நல்லது சொல்லி, நாளைக்கே அவளுக்கு ஏதாவது வந்துவிட்டால்? "கொஞ்சம் பரவாயில்லை" என்றேன். "இப்போது முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை." பிலார் என் கையைத் தட்டிக்கொடுத்தார். தைரியமாக இருக்கப் பார்க்கும் ஏழைத் தாய் என்று நினைத்திருப்பார்.

நான்காம் நாள் மதியம் அவருக்கு ரயில். காலையில் மீன் ஏலம் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். என் கணவரின் மாமா சூசையின் வள்ளம் அப்போதுதான் வந்திருந்தது. நான்கு பேர் மூச்சுப்பிடித்துப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கணவாய் மட்டும் ஏழு பெட்டி. சீலா மீன் தனியாகக் குவிந்து கிடந்தது. ஏலக்காரர் அங்கே வந்து நின்றுவிட்டார். மாமா தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்தார்.

"பாடு எப்படி மாமா?" என்று கேட்டேன். கடலில் கிடைத்ததை நாங்கள் பாடு என்போம்.

"என்னத்தச் சொல்ல மக்களே. ஒண்ணும் கெடக்கல்ல. நேத்து உள்ளதவிடயும் மோசம். எண்ணைக்காசுகூடத் தேறாது."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி கனம் தாங்காமல் வழுக்கி, கணவாய் தரையெல்லாம் சிதறியது.

என்ன சொல்கிறார் என்று பிலார் கேட்டார். மொழிபெயர்த்தேன். நேற்றையதைவிட மோசம், ஒன்றும் கிடைக்கவில்லை. பிலார் பெட்டிகளைப் பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தன் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவராம். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட நல்ல பாடு கிடைத்ததில்லையாம். படகு விளிம்பு வரை தண்ணீரில் அமுங்கி வந்த அன்றும், வீட்டுப் பூனைக்குத்தான் காணும் என்பாராம்.

சிரிப்பு பாதியில் நின்றது. பிலார் திரும்பி என் மகளைத் தேடினார். அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, தன் கை நீளத்துக்கு இருந்த சீலாவை வாலைப் பிடித்துத் தூக்கி ஏலக்காரர் மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அந்த மீனை ஒற்றைக் கையால் நானும் தூக்குவேனா என்பது சந்தேகம்.

பிலார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பூனையைவிடக் குறைவாகவா தின்கிறாள்?"

நான் மகளின் கையிலிருந்த மீனைப் பார்த்தேன்.

"சரி. அவள் உன் மகள் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி இப்போது சொல்."

சுற்றிப் பார்த்தேன். ஒரு நூறு பேராவது இருந்திருப்பார்கள். யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. கண்ணுக்கு மொழி தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? மாடி, இரண்டு வருடம், போனில் தெரியும் முகம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு, கசாயம் குடிப்பது போல ஒரே மூச்சில் சொன்னேன். "எஸ் லா மாஸ் ஃபுவேர்த்தே தெ சு கிளாசே." வகுப்பிலேயே திடமானவள் அவள்தான். அதோடு நிற்கவில்லை. எவ்வளவு தின்பாள் என்பதற்கு வாலையும் நீட்டினேன்: "முச்சீசிமோ."

அவளைப் பெற்ற நாலரை வருடத்தில் அவளைப் பற்றி வாய்விட்டு நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எந்த மொழியிலும்.

சூசை மாமா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, அந்தம்மாகிட்ட என்ன சொன்ன? பேய் அறஞ்ச மாதிரி நிக்கியே?" ஒன்றுமில்லை மாமா என்றேன். 

பிலாரோ எதையோ தேட ஆரம்பித்திருந்தார். பக்கத்திலிருந்த பெட்டியைத் தொட்டார், அது பிளாஸ்டிக். வள்ளத்தைத் தொட்டார், ஃபைபர். ஏலக்கூடத்துத் தூண் சிமென்ட். முகத்தில் அவசரம் கூடிக்கொண்டே போனது. அரண்மனைத் தூண் சட்டென்று எனக்கு நினைவு வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாயோடு அல்லவா அதைத் தட்டினார்.

"என்னத்த தேடுது அந்தம்மா?" என்றார் மாமா.

"மரம் மாமா. ஏதாவது மரம் வேணும். சீக்கிரம்."

மாமா ஏன் என்று கேட்கவில்லை. பழைய வள்ளம் ஒன்றின் அடியிலிருந்து உப்பேறிய மரத்துடுப்பு ஒன்றை இழுத்து வந்து நீட்டினார். பிலார் அதை மூன்று முறை தட்டினார். என் மகளின் கையை மீன் நாற்றத்தோடு பிடித்து அவளையும் தட்ட வைத்தார். பிறகு துடுப்பை என் பக்கம் திருப்பினார். நானும் தட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று கூட இரண்டு தட்டினேன்.

இரணியலில் ரயில் இருபது நிமிடம் தாமதம். பிலார் நோட்டைத் திறந்து மூன்று நாள் எழுதியதை எனக்குக் காட்டினார். சளி, பூனை, காய்ச்சல், மெலிவு என்று ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு போல இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தது பால் இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். எல்லாவற்றின் மீதும் நீளமாக ஒரு கோடு போட்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் மகளைக் காட்டி, "எஸ் ஃபேயா," அசிங்கமான பிள்ளை, என்று உரக்கச் சொல்லிக் கையசைத்தார். அந்த நான்கு நாளில் அவர் சொன்னதில் எனக்கு நிம்மதி தந்தது அதுதான்.

அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பார்கள். எனக்கு மூக்கடைப்பு. வந்ததா என்று தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பிலார் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. கரை சேர்ந்திருந்த என் கணவர் ஒரு படமும் அனுப்பினார். மாடிக் கதவின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி சின்ன மழை பூட்ஸ். ரிப்பன் அளவைவிட ஒரு எண் பெரிதாக வாங்கியிருக்கிறாராம், பிள்ளை வளரும் என்று. அப்படி வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

இப்போது விசாவுக்குக் காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வீடு சின்னதுதான். ஊரும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் எங்கேயும் என் மகளின் பெயரை நான் எழுதவில்லை. படிக்கிற உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் எத்தனை பேர் படிப்பார்கள் என்று தெரியாதல்லவா?

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு: சுமாராக இருக்கிறாள்.